டவுன் பள்ளிக்கூடமா, தோட்டப் பள்ளிக்கூடமா?

முதலாம் தரத்துக்கு விண்ணப்பம் போடும் காலம் வந்தால் லயத்து வாசல்களில் ஒரே பேச்சுத்தான். ஹைலண்ட்ஸா, பொஸ்கோவா, கபிரியேலா? எங்கே சாதாரண தரத்தில் அதிகம் பேர் சித்தியடைகிறார்கள்? எங்கே இங்கிலீஷ் நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள்? பெரட்டுக் களத்திலும் இதே பேச்சு, கொழுந்து நிறுக்கும் இடத்திலும் இதே பேச்சு.

இதில் தவறு எதுவும் இல்லை. மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, கிலோ குறைந்தால் அரைப்பேர் வாங்கி வீடு திரும்பும் தாய், தன் பிள்ளையும் அதே மலையில் ஏறக்கூடாது என்று நினைக்கிறாள். அந்த ஆசைக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால், ஹட்டன் டவுனுக்குள் இருக்கும் மூன்று நான்கு பாடசாலைகளை மட்டும் வைத்து ஒப்பிடும்போது ஒரு பெயர் விடுபட்டுப் போகிறது. நம் பிள்ளைகளில் பெரும்பாலானோர் முதல் எழுத்துப் படிக்கும் தோட்டப் பாடசாலைதான் அது.

இந்த இரண்டு வகைப் பாடசாலைகளும் ஒரே கோட்டில் இருந்து ஓடத் தொடங்கவில்லை. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் ஒப்படைத்தது. பிள்ளைகள் படித்து முன்னேறினால் கொழுந்தெடுக்க ஆள் குறையும் என்று கணக்குப் பார்த்தவர்களிடமே பள்ளிக்கூடம் ஒப்படைக்கப்பட்டது. 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி நாட்டின் கிராமப் பிள்ளைகளை மத்திய கல்லூரிகளுக்கு ஏற்றிச் சென்றபோது, தோட்டப் பிள்ளைகள் ஒரு மண்டபத்தில், ஒரே ஆசிரியரிடம், ஐந்து வகுப்புகளாக உட்கார்ந்திருந்தார்கள். 1960, 61இல் அரசாங்கம் மிஷனரிப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் ஒதுக்கப்பட்டன. அவை பெருமளவில் அரசின் கைக்கு வந்தது 1977க்குப் பிறகுதான். அதன் பின்னர் சுவீடன் உதவியில் கட்டடங்கள் வந்தன. ஜேர்மன் உதவியில் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. முன்னேற்றம் உண்மைதான். ஆனால் மற்றவர்களைவிட ஒரு தலைமுறை பிந்தி வந்த முன்னேற்றம் அது.

இந்தப் பின்தங்கலை இன்றைய அனுமதி முறையும் சுமந்து நிற்கிறது. டவுன் பாடசாலையில் முதலாம் தரத்துக்கு விண்ணப்பிக்கும்போது, சுற்றுநிருபத்தின்படி பாதி இடங்கள் அருகில் வசிப்பவர்களுக்கு, கால்வாசி இடங்கள் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு. அருகில் வசிப்பதை நிரூபிக்கக் காணி உறுதி, மின்சாரப் பட்டியல் என்று பத்திரங்கள் வேண்டும். நாலு தலைமுறையாக ஒரே லயக் காம்பராவில் இருப்பவரின் கையில் என்ன உறுதி இருக்கிறது? காணியும் லயமும் தோட்டத்தின் கணக்கில். கடிதம்கூட தோட்ட ஆபீசுக்கு வந்து காத்துக் கிடக்கிறது. பழைய மாணவர் என்று சொல்லிக்கொள்ள, அம்மாவும் அப்பாவும் படித்தது தோட்டப் பள்ளிக்கூடத்தில். இப்படி இரண்டு கதவுகளும் சத்தமில்லாமல் மூடிக்கொள்கின்றன.

மீதமிருப்பது ஐந்தாம் தரப் புலமைப்பரிசில். அந்த வழியாகக் கெட்டிக்காரப் பிள்ளைகள் டவுனுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு நம் வாழ்த்துகள். ஆனால் ஆறு வருடம் கழித்துச் சாதாரண தரப் பெறுபேறு வந்ததும், அந்தப் பிள்ளைகளை டவுன் பாடசாலையின் கணக்கில் சேர்த்துவிட்டு, “தோட்டப் பள்ளிக்கூடம் சரியில்லை” என்கிறோம். நல்ல மலையில் நிரை கிடைத்தவரின் கிலோவையும், காடேறிய மலையில் நிரை கிடைத்தவரின் கிலோவையும் ஒரே தராசில் நிறுத்து, இரண்டாமவரைச் சோம்பேறி என்று துரை சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா? பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஏன் அந்தக் கணக்கை ஒத்துக்கொள்கிறோம்?

ஆகவே ஒப்பிடுவோம், சரியாக ஒப்பிடுவோம். முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பதினொராம் தரம் வரை வந்தார்கள்? கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியர் உண்டா? உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி வகைப் பாடசாலை எத்தனை மைல் தூரத்தில் இருக்கிறது? பெண் பிள்ளைகளுக்குத் தண்ணீரோடு மலசலகூடம் உண்டா? பிள்ளை இருட்டுவதற்கு முன் வீடு வந்து சேர பஸ் உண்டா? இந்தக் கேள்விகளுக்கு வரும் பதில்தான் எங்கே, யார் தவறுகிறார்கள் என்று காட்டும்.

நம் கோரிக்கைகள் நான்கு. முதலாவது, காணி உறுதி இல்லாத காரணத்தால் லயத்துப் பிள்ளைக்கு ஒரு புள்ளியும் குறையக் கூடாது. வாக்காளர் இடாப்பும் கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சியும் போதுமென்று சுற்றுநிருபம் சொல்ல வேண்டும். இரண்டாவது, வலயக் கல்வி அலுவலகம் பாடசாலை வாரியாக, பாட வாரியாக ஆசிரியர் வெற்றிடங்களைத் தமிழில் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். மூன்றாவது, பதில் ஆசிரியர் வரும் முன் தோட்டப் பாடசாலை ஆசிரியருக்கு இடமாற்றம் கொடுக்கக் கூடாது. நான்காவது, பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வூட் பிள்ளைகள் ஹட்டனுக்கு பஸ் ஏறாமலே விஞ்ஞானமும் கணிதமும் படிக்கக் கூடியதாக, அங்கேயே உயர்தரப் பிரிவுகளை ஆசிரியர்களோடு பலப்படுத்த வேண்டும். 2015 அளவில் நம் பிள்ளைகளையே மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவுக்கு ஆசிரிய உதவியாளர்களாக அமர்த்தியது போன்ற அரைகுறைத் தீர்வு இனி வேண்டாம்.

நம்மையும் கேட்டுக்கொள்வோம். நாட்சம்பளத்துக்காக எத்தனையோ தடவை வேலைநிறுத்தம் செய்தோம். கணித ஆசிரியர் இல்லாமல் ஒரு வருடம் போன பாடசாலைக்காக எத்தனை தடவை வலயக் காரியாலயத்தின் முன் நின்றோம்? தொழிற்சங்கமாகிய நாமும் இதில் பிந்திவிட்டோம் என்பதை மறைக்க மாட்டோம்.

தோட்டக் கமிட்டித் தலைவர்மார் இம்மாதக் கூட்டத்திலேயே உங்கள் பாடசாலையின் வெற்றிடங்களை எழுதி எடுத்து மாவட்டக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். பெற்றோர்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் போய்க் கேள்வி கேளுங்கள். பிள்ளையை டவுனுக்கு அனுப்ப வசதியுள்ளவர்களும் வாருங்கள். வேன் காசு கட்ட முடியாத பக்கத்துக் காம்பராப் பிள்ளையும் நம் பிள்ளைதான்.