கிளிப் கணக்கில் ரிட்டெய்னரையும் சேருங்கள்

மதுரை சிம்மக்கல் பக்கம் பல் லேப் வைத்திருக்கிறேன். எங்களுக்குச் சட்டம் வைத்த பெயர் டென்டல் மெக்கானிக். 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்திலேயே எங்களுக்கும் ஒரு பதிவேடு வகுக்கப்பட்டது. நோயாளியின் முகத்தை நாங்கள் பார்ப்பதில்லை. டாக்டர் மாவு வைத்து எடுத்த அளவு வரும். அது காய்ந்து சுருங்குவதற்குள் ஸ்டோன் பவுடரைக் கரைத்து ஊற்றி மாடல் எடுப்போம். கேப், பல் செட், கிளிப் கழற்றியபின் பல் நகராமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னர் எல்லாம் அந்த மாடலின்மேல் உருவாகிறவைதான்.

முகம் தெரியாவிட்டாலும் மாடலைப் பார்த்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். மேலும் கீழும் நான்கு சின்னக் கடைவாய்ப் பற்கள் இல்லை, அந்த இடைவெளியும் மூடியிருக்கிறது, ஆனால் கீழ் முன்பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன என்றால், அநேகமாக அது ஏற்கெனவே கிளிப் போட்டுக் கழற்றிய வாய். பள்ளிக்கூடக் காலத்தில் ஒருமுறை பணம் கட்டிய அப்பா, கல்யாணம் நிச்சயமான கையோடு இரண்டாவது முறை கட்டப்போகிறார். "சீக்கிரம் வேணும், முகூர்த்தம் வருது" என்று கிளினிக்கிலிருந்து போனும் வரும்.

ஏன் இப்படி? "பிள்ளை ரிட்டெய்னரை ஒழுங்கா போடலை" என்பது டாக்டர்களின் பதில். உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. கிளிப் போடும் முதல் நாளில் எழுதப்படும் எஸ்டிமேட்டிலேயே கோளாறு தொடங்குகிறது என்பது என் கட்சி.

முதலில் பல்லின் சங்கதி. பல் எலும்பில் அடித்த ஆணி இல்லை. கிளிப்பின் கம்பி பல்லைத் தள்ளும் பக்கம் எலும்பு கரைகிறது, விட்டுவந்த பக்கம் புதிதாக வளர்கிறது. கிளிப்பைக் கழற்றும் நாளில் அந்தப் புது எலும்பு இன்னும் கெட்டிப்பட்டிருக்காது. அதைவிடப் பிடிவாதமானது ஈறு. பல்லைச் சுற்றியுள்ள ஈறு நார்கள் இழுபட்ட நிலையிலேயே பல மாதங்கள் இருந்து, பல்லைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டிருக்கும். நார்வே நாட்டு கோரே ரைட்டன் 1950களில் நாய்களின் பற்களைத் திருப்பிப் பார்த்து இதைக் காட்டினார். திருகி நின்று நேராக்கப்பட்ட பல்தான் முதலில் திரும்பும்.

சரி, ஒரு வருஷம் போட்டால் போதுமா? போதாது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் லிட்டில் குழுவினர், பல் எடுத்து கிளிப் போட்ட 65 பேரை, ரிட்டெய்னரை நிறுத்திக் குறைந்தது 10 ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். 1981இல் வந்த முடிவு: கீழ் முன்பல் வரிசை திருப்தியாக இருந்தவர்கள் 30 சதவீதத்துக்கும் குறைவு. 20 ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்தபோது 10 சதவீதம்தான் தேறியது. வயது ஏற ஏறக் கீழ்த்தாடை வரிசை குறுகத்தான் செய்யும். கிளிப்பே போடாதவர்களுக்கும் அப்படித்தான். பழியை ஞானப்பல்லின் தலையில் போடுவது நம் ஊர் வழக்கம். பின்னாலிருந்து அது தள்ளுவதால்தான் முன்பல் கோணுகிறது என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை.

ஆகவே ரிட்டெய்னர் என்பது வைத்தியத்தின் இரண்டாம் பாதி. ஆனால் அதைப் பற்றிய பேச்சு எப்போது வருகிறது? கிளிப் கழற்றுகிற அன்றைக்கு. செய்து முடித்த சாமான் டப்பாவைக் கொடுக்கப் போய் கிளினிக் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பேச்சு என் காதில் விழும். ஒன்றரை இரண்டு வருஷம் மாதாமாதம் தவணை கட்டிய அம்மா, இனி முறுக்குக் கடிக்கலாம் என்று சிரிக்கும் பிள்ளை, செல்போனில் போட்டோ. அந்த நேரம் பார்த்து, "ரிட்டெய்னர் போடணும்மா, அதுக்குத் தனி" என்பார் டாக்டர். "அதான் நேராயிருச்சே டாக்டர், இதுக்கு வேற காசா?" என்பார் அம்மா. வீடு கட்டி முடித்து, கிரகப்பிரவேசத்தன்று வாசல் கதவுக்குத் தனிக் கணக்கு சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? தனிக் காசு என்றதுமே அது தேவையில்லாத சாமான் ஆகிவிடுகிறது. வாங்காமலே போகிறவர்கள் உண்டு. வாங்கியவர்களும், தொலைந்தால் இன்னொன்றுக்கு வருவதில்லை.

தொலைவதென்னவோ நிச்சயம். கல்யாணப் பந்தியில் கழற்றி டிஷ்யூ பேப்பரில் சுற்றி இலை ஓரம் வைப்பார்கள்; பாயசம் முடிந்து இலையை மூடும்போது அதுவும் உள்ளே போய்விடும். வீட்டு நாய்க்கு எச்சில் வாசம் பிடிக்கும், கடித்துத் துண்டாக்கிவிடும். இன்னொரு கூட்டம், சுத்தம் என்று வெந்நீரில் போடுகிறது. கண்ணாடி மாதிரி இருக்கும் ரிட்டெய்னரை நான் செய்வதே, பிளாஸ்டிக் ஷீட்டைச் சூட்டில் இளக்கி, மாடலின் மேல் காற்றை உறிஞ்சிப் படிய வைத்துத்தான். நான் சூட்டில் கொடுத்த வடிவத்தை நீங்கள் சூட்டிலேயே கெடுத்துவிடுகிறீர்கள். பச்சைத் தண்ணீரும் மெதுவான பிரஷ்ஷும் போதும். காபிக்கும் கழற்றத்தான் வேண்டும்.

கம்பியும் அக்ரிலிக்கும் சேர்ந்த பழைய மாதிரி ஹாலி ரிட்டெய்னர் இன்னும் உழைக்கும். சார்லஸ் ஹாலி காலத்துக்குப் பிறகு நூறு வருஷம் தாண்டியும் நாங்கள் அதே வளைவைத்தான் வளைக்கிறோம். கம்பி தெரிகிறது என்று பிள்ளைகள் கேட்பதில்லை. கீழ் முன்பற்களின் உள்பக்கம் ஒட்டிவைக்கும் மெல்லிய கம்பி தொலையாது. ஆனால் அங்கே காரை சேரும். ஒரே ஒரு பல்லில் ஒட்டு விட்டுப்போனாலும் அந்தப் பல் சத்தமில்லாமல் நகர்ந்துவிடும். அதற்கும் அவ்வப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும்.

நான் சொல்வது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. முதல் நாள் எஸ்டிமேட்டிலேயே ரிட்டெய்னரையும், அதற்குப் பிறகான செக்கப்பையும் சேர்த்து எழுதட்டும். ஒன்றுக்கு இரண்டாகக் கையில் கொடுக்கட்டும். மாடல் தயாராக இருக்கும்போது இரண்டாவது ஷீட்டுக்கு ஆகும் செலவு எனக்குத் தெரியும், அது பேரம் பேசும் தொகையே இல்லை. மூன்றாவது, மாடலை நோயாளியிடமே கொடுத்துவிட வேண்டும். கிளினிக்கிலும் என் லேபிலும் அலமாரி நிறைந்தால் பழைய மாடல்கள் குப்பைக்குத்தான் போகும். வீட்டில் ஒரு டப்பாவில் அது இருந்தால், ரிட்டெய்னர் தொலைந்த மறுநாளே, பல் நகர்வதற்குள், எந்த ஊர் லேபிலும் புதிது செய்துகொள்ளலாம். ஸ்கேன் எடுத்திருந்தால் ஃபைலை அனுப்பிவிடுங்கள், இன்னும் சுலபம்.

"மொத்தமாச் சொன்னா ரேட் கூடத் தெரியும், ஆள் அடுத்த தெருவுக்குப் போயிடுவாங்க" என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் அடுத்த தெருக்காரரும் கடைசி நாளில் அதே காசைத்தான் கேட்கப்போகிறார். முதலிலேயே சொன்னவரைத்தான் ஜனங்கள் நாளைக்கு நம்புவார்கள்.

பெற்றோருக்கு: பிள்ளைக்குக் கிளிப் போட முதல் நாள் போகும்போது, கம்பி எந்தக் கலரில் என்பதற்கு முன்னால், ரிட்டெய்னர் இந்தக் கணக்கில் இருக்கிறதா, எத்தனை, மாடல் கைக்கு வருமா என்று கேளுங்கள். எத்தனை வருஷம் போட வேண்டும் என்றும் கேளுங்கள். முதல் சில மாதங்கள் டாக்டர் சொல்கிறபடி, அப்புறம் பல் நேராக இருக்க ஆசைப்படும் காலம்வரை ராத்திரிகளில், என்பதுதான் நேர்மையான பதில். இதையெல்லாம் எழுதிக் கொடுக்காத இடத்தில் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.