அடுத்தவர் பாட்டு என்று ஒதுக்காதீர்கள்

கரடியூர் காட்சிமுனைக்குப் போகும் வழியில், காபித் தோட்டத்து வேலியோரம் பைக்கை நிறுத்திவிட்டு, கனடாவின் கவ்பாய் ஜங்கீஸ் குழு 1988-இல் வெளியிட்ட ‘த டிரினிட்டி செஷன்’ ஆல்பத்தை நண்பருக்குப் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே சலித்துக்கொண்டார்: “சொந்தமா பாட்டுப் போட வக்கில்லாதவங்கதானே அடுத்தவங்க பாட்டைக் கவரா பாடுவாங்க? அதையும் ஏன் இழவு வீடு மாதிரி இழுக்கணும்?”

பலரும் சொல்வதுதான் இது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

சரக்கில்லாமலா பாடினார்கள்? அதே ஆல்பத்தில் அவர்களே எழுதிய ‘மிஸ்கைடட் ஏஞ்சல்’ இருக்கிறது. தியாகராஜர் மறைந்தது 1847-இல். இன்றைக்கும் மார்கழிக் கச்சேரிகள் அவர் கீர்த்தனைகளில்தான் நடக்கின்றன. பாடுகிறவரிடம் ‘சொந்தச் சரக்கு எங்கே?’ என்று யாரும் கேட்பதில்லை. பெங்களூரின் அகம் குழு 2012 ஆல்பத்தில் தியாகராஜரின் ‘பண்டுரீதி’ கீர்த்தனையை கிட்டார், டிரம்ஸோடு பாடியது. அதன் ஹம்ஸநாத ராகம் அங்கே கரைந்துபோய்விடவில்லை.

இழுவை என்ற புகாருக்கு வருகிறேன். ‘ஸ்வீட் ஜேன்’ 1970-இல் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழு பாடிய துள்ளலான பாட்டு. ஜங்கீஸ் அதன் வேகத்தை நன்றாகக் குறைத்தார்கள். குழுவின் பாடகி மார்கோ டிம்மின்ஸ் காதோடு பேசுகிற மாதிரிப் பாடுகிறார். 1987 நவம்பர் 27 அன்று டொராண்டோவின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில், ஒரே மைக்கைச் சுற்றி நின்று பதிவு செய்தது அந்த ஆல்பம். முதல் பாட்டில் வாத்தியமே கிடையாது. குரல் ஓய்ந்த இடைவெளியில் அந்தக் கூடத்தின் முனகல்கூடக் கேட்கும். விளம்ப காலத்தை ருசித்துப் பழகிய நமக்கு இது புரியாதா? 1991-இல் ‘தளபதி’யில் வந்த ‘யமுனை ஆற்றிலே’யை, ‘96’ படத்தில் மின்சாரம் போன இரவில், வாத்தியமில்லாமல் சின்மயி குரலில் கேட்டபோது தியேட்டரே மூச்சடக்கி இருந்தது. பாட்டு அதேதான், ஆனால் பல வருஷப் பிரிவு அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

மூலத்தை எழுதியவருக்கு அநியாயம் என்கிறார்கள். பெயரும் பணமும் தராத இடத்தில் நானும் அவர்கள் பக்கம்தான். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவே, முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து 5 ஆண்டு கழிந்த பிறகுதான் அந்தப் பிரிவின்படி கவர் என்றும், உரிமையாளருக்கு ராயல்டி முன்கூட்டியே தரவேண்டும் என்றும் சொல்கிறது.

ஆனால் கவர் பாட்டு மூலத்தைப் புதைத்துவிடும் என்பதை ஏற்க மாட்டேன். ஹாங்க் வில்லியம்ஸ் என்ற பெயரை நான் முதலில் பார்த்தது ‘த டிரினிட்டி செஷன்’ ஆல்பத்தின் பாட்டுப் பட்டியலில்தான். அதிலிருந்த அவர் பாட்டை அவரே பாடிய 1949 பதிவைத் தேடிப்பிடித்துக் கேட்டது அதற்கப்புறம்.