'நானா', 'நாமா' என்று கேட்காத நிரல்கள்

ஒருவர் தம் கடவுச்சொல்லை இட்டு ஒரு வலைத்தளத்தினுள் நுழைகிறார். திரையில் வேறொருவரின் பெயரும் கணக்கும் விரிகின்றன. திருட்டு நடந்துவிட்டது என்றே எவரும் எண்ணுவர். ஆனால் சில வேளைகளில் எவரும் எதையும் திருடுவதில்லை. தளமே ஒருவரின் சாவியை இன்னொருவர் கையில் கொடுத்துவிடுகிறது. இதனை 'நிரலாளரின் கவனக்குறைவு' என்று கூறி முடித்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அவ்வழக்கம் தவறு என்பதே என் கருத்து.

வலையின் அடிப்படை நெறிமுறைக்கு நினைவாற்றல் கிடையாது. நீங்கள் ஒவ்வொரு முறை சொடுக்கும்போதும் வழங்கிக்கு நீங்கள் புதியவரே. எனவே உள்நுழைந்தவுடன் அது உங்களுக்கு ஓர் அடையாள எண்ணைக் குக்கியாக வழங்குகிறது. அந்த எண்ணைக் கொண்டு உங்களைப் பற்றி அது நினைவில் வைத்திருப்பதே அமர்வு. ஒரே வழங்கி, ஒரே நேரத்தில் பலருக்கு மறுமொழி கூற வேண்டியிருப்பதால், தன் வேலையைப் பல இழைகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஓர் இழை கையாளும் அமர்வை இன்னோர் இழை அறியாமல் தொட்டுவிடாதிருப்பதே இழைப் பாதுகாப்பு.

இது தவறும் விதத்தை, நான் வசிக்கும் சரோஜினி நகரின் சந்தையைக் கொண்டே விளக்கலாம். வாங்கிய ஆடையை அளவுக்கேற்பத் திருத்தித் தரும் தையற்காரர் ஒருவரிடம் ஒரே ஒரு சிலேட்டுப் பலகை இருப்பதாகக் கொள்வோம். ஒருவரின் அளவை எழுதுவார். தைத்து முடித்ததும் துடைத்துவிட்டு அடுத்தவரின் அளவை எழுதுவார். அவர் தனியாளாக இருக்கும்வரை குழப்பமில்லை. கூட்டம் பெருகியதும் ஓர் உதவியாளரைச் சேர்த்து, "பலகையைப் பார்த்துத் தை" என்கிறார். உதவியாளர் திரும்பிப் பார்ப்பதற்குள் பலகை துடைக்கப்பட்டு, அடுத்தவரின் அளவு ஏறிவிடுகிறது. முதலாமவரின் சட்டை இரண்டாமவரின் அளவில் தைக்கப்படுகிறது.

2021 மார்ச்சில் கிட்ஹப் தளத்தில் நிகழ்ந்தது ஏறத்தாழ இதுவே. மார்ச் 2 அன்று ஒரு பயனர், தாம் திடீரென வேறொருவராக உள்நுழைந்திருப்பதாகத் தெரிவித்தார். சில மணி நேரத்தில் அதே போன்ற இரண்டாவது முறையீடு வந்தது. அத்தளம் பயன்படுத்திய யூனிகார்ன் என்னும் வழங்கி மென்பொருள், ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய விவரத்தொகுப்பை உருவாக்காமல், ஒரே தொகுப்பைத் துடைத்துத் துடைத்துப் பயன்படுத்திவந்தது. ஓரிழையில் மட்டும் வேலை நடந்தவரை அதனால் தீங்கில்லை. பின்னர் வேகத்துக்காகப் பின்னணி இழை ஒன்று சேர்க்கப்பட்டது. அது முந்தைய கோரிக்கையின் தொகுப்பைப் பற்றியிருந்த வேளையில், அதே தொகுப்பில் அடுத்தவரின் விவரம் ஏறியிருந்தது. விளைவாக ஒருவரின் அமர்வுக் குக்கி மற்றவரின் உலாவிக்குச் சென்றது. பாதிக்கப்பட்டவை மொத்த அமர்வுகளில் 0.001 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆயினும் மார்ச் 8 அன்று, அதற்கு முன் உள்நுழைந்திருந்த அனைவரையும் அந்நிறுவனம் வெளியேற்றி, மீண்டும் உள்நுழையச் செய்தது.

இங்கே யார் கவனம் குறைந்தவர்? பலகையை மீண்டும் பயன்படுத்தியவர் சிக்கனம் கருதினார். உதவியாளரைச் சேர்த்தவர் வேகம் கருதினார். தனித்தனியே இரண்டும் சரியான முடிவுகள். 'இந்தப் பலகை பொதுப் பலகை' என்று அதன்மேல் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. பிழை அங்கேதான் இருந்தது.

மொழியியல் பயின்றவளாக இதில் எனக்குப் பழகிய ஒரு செய்தியைக் காண்கிறேன். தமிழில் தன்மைப் பன்மையைச் சொல்ல வாய் திறந்தால், கேட்பவரையும் உளப்படுத்தி 'நாம்' என்பதா, விலக்கி 'நாங்கள்' என்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். ஆங்கிலம் பேசுபவருக்கு அக்கட்டாயம் இல்லை. இலக்கணம் வற்புறுத்தும் வேறுபாட்டைப் பேசுபவர் மறப்பதில்லை, வற்புறுத்தாததை மறக்கிறார். பெரும்பாலான வலைச் சட்டகங்களில் ஒரு மாறி இந்தக் கோரிக்கைக்கு மட்டும் உரியதா, எல்லா இழைகளுக்கும் பொதுவா என்பதை அதன் வடிவம் காட்டுவதில்லை. நிரலாளர் 'என்' என்று எண்ணி எழுதியதை வழங்கி 'நம்' என்று படிக்கிறது.

ஜாவா சர்வ்லெட்டின் வரலாறு இதற்குச் சான்று. அதன் வரையறை, அமர்வின் உள்ளமைப்பைக் காக்கும் கடமையை வழங்கிக்கு அளிக்கிறது. அமர்வில் வைக்கப்படும் பொருள்களைக் காக்கும் கடமையை நிரலாளரிடமே விட்டுவிடுகிறது. சர்வ்லெட்டை ஓரிழைக்கு மட்டும் உரியதாக்க 'சிங்கிள் திரெட் மாடல்' என்னும் ஏற்பாடு ஒரு காலத்தில் இருந்தது. அதன்பின்னும் அமர்வுப் பொருள்கள் பொதுவாகவே இருந்ததால், அது போலி நிம்மதியையே தந்தது. 2.4 ஆம் பதிப்பில் அது கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டது.

'எல்லாவற்றையும் பூட்டிவிட்டால் போதாதா?' என்று கேட்கலாம். பிஎச்பி தன் இயல்பான கோப்புவழி அமர்வில் அதைத்தான் செய்கிறது: ஒரு கோரிக்கை முடியும்வரை அதே அமர்வின் அடுத்த கோரிக்கை காத்திருக்கிறது. பாதுகாப்பு கிடைக்கிறது, வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் யாரோ ஒருவர் பூட்டைத் தளர்த்துவார். மேலும், கிட்ஹப்பில் கலந்தவை இரு வேறு மனிதரின் அமர்வுகள். அமர்வுக்கு ஒரு பூட்டு என்பது அங்கே உதவியிராது. நிலையான தீர்வு இலக்கணத்தில் இருக்கிறது. ரஸ்ட் மொழி, ஒரு பொருள் இழைகளுக்கிடையே பகிரத்தக்கதா என்பதை அதன் வகையிலேயே குறிக்கிறது. தகாததைப் பகிர்ந்தால் நிரல் தொகுக்கப்படுவதே இல்லை. அங்கே 'நாம்', 'நாங்கள்' வேறுபாடு கட்டாயமாகிவிட்டது.

நம் நாட்டில் கல்வி உதவித்தொகை முதல் ஓய்வூதியம் வரை அனைத்தும் வலைத்தளங்களின் வழியே நடக்கின்றன. இங்கே அமர்வு மாறினால், ஓர் ஆய்வு மாணவியின் வங்கிக்கணக்கு எண்ணும் சாதிச் சான்றிதழும் அந்நியர் கண்முன் விரியும். கணினி அவசரகால மீட்புக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணையில், பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கக் கட்டளையிட்டது. 2023 ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்கச் சொல்கிறது. இரண்டும் தேவையானவை. ஆனால் பிற நிரலாளர்கள் படித்துத் தம் தளங்களைத் திருத்திக்கொள்ள உதவும் பொது அறிக்கையை இவை கோருவதில்லை. கிட்ஹப் தன் வழுவின் காரணத்தைப் படிப்படியாக விளக்கிப் பொதுவில் எழுதியதால்தான் நாம் இன்று அதைப் பேச முடிகிறது.

ஆகவே, பொதுப்பணத்தில் கட்டப்படும் ஒவ்வொரு தளத்துக்கும் இரண்டு நிபந்தனைகள் வேண்டும். முதலாவது, பல பயனர்கள் ஒரே நொடியில் நுழையும்போது எவருடைய அமர்வும் எவருடனும் கலப்பதில்லை என்பதைச் சோதித்துக் காட்டிய பின்னரே தளம் திறக்கப்பட வேண்டும். இரண்டாவது, கலந்துவிட்டால் எத்தனை பேர் என்பதோடு எவ்வாறு என்பதையும் வெளியிட வேண்டும். கடைநிலை நிரலாளர் ஒருவரைப் பணிநீக்கம் செய்து கோப்பை மூடுவதால், பொதுப் பலகை பொதுப் பலகையாகவே கிடக்கும். அடுத்த உதவியாளர் வந்து அதைப் பார்த்தே தைப்பார்.