கழிவு என்னும் களவு

எமில் சோலா 1873இல் வெளியிட்ட 'பாரிஸின் வயிறு' என்ற நாவல் பாரிஸ் நகரின் மத்திய சந்தையைப் பற்றியது. 1851 டிசெம்பர் ஆட்சிக்கவிழ்ப்பின்போது குற்றமெதுவும் செய்யாமலே கைதாகி நாடுகடத்தப்பட்ட புளோரோன், தப்பி ஊர் திரும்புகிறான். பசியால் வீதியில் விழுந்து கிடப்பவனைச் சந்தைக்கு மரக்கறி கொண்டுசெல்லும் தோட்டக்காரப் பெண்ணொருத்தி தன் வண்டியில் ஏற்றிக்கொள்கிறாள். மரக்கறிக் குவியலின்மேல் பட்டினியால் துவண்டு கிடக்கும் மனிதன்! நாவலின் சாரம் முழுவதும் இக்காட்சியிலேயே அடங்கிவிடுகிறது. இறுதியில் அவனைப் பொலிஸாரிடம் காட்டிக்கொடுப்பவள் கொடியவள் அல்லள். கடையைத் துப்புரவாகவும் கணக்கை ஒழுங்காகவும் வைத்திருக்கும் அவனுடைய தம்பியின் மனைவி. வியாபாரத்துக்குக் குந்தகம் வரக்கூடாது என்பதே அவளது தர்மம்.

இந்தப் பிரெஞ்சுக் கதை நமக்கெதற்கு என்று கேட்போர், யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் 'கழிவு' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று விசாரித்துப் பார்க்கட்டும். கமக்காரன் 100 கிலோ மரக்கறி கொண்டுவந்தால் 90 கிலோவுக்கே பணம். மிகுதி 10 கிலோ கழிவு. திருநெல்வேலி, மருதனார்மடம், சுன்னாகம் என்று பெரிய சந்தைகளிலெல்லாம் விவசாயிகள் ஆண்டுக்கணக்காக முறையிட்டுவந்த வழக்கம் இது. கூட்டங்களில் கண்டிக்கப்படும், தடையென்று அறிவிக்கப்படும், சில நாள் அடங்கிப் பின்னர் மெல்லத் தலைதூக்கும்.

வியாபாரிகள் சொல்லும் நியாயம் தெரிந்ததே: அழுகல், மண், ஏற்றி இறக்கும்போது ஏற்படும் சேதம். அப்படியானால் ஒரு நாளில் வாடிவிடும் கீரைக்கும், வாரக்கணக்கில் கிடந்தாலும் கெடாத பூசணிக்கும் சேதம் ஒன்றாகுமா? பத்துக்கு ஒன்று என்று முன்கூட்டியே தீர்ப்பெழுதும் அழுகல் உலகில் எங்குமில்லை. சேதத்தை விலை பேசும்போது பேசலாம். தராசில் ஏன் பேசவேண்டும்? கழித்த மரக்கறி குப்பைக்குப் போகிறதா? அதுவும் விற்கப்படுகிறது. ஒரு கிலோ வாங்கும் குடும்பப் பெண்ணுக்கு எந்தக் கடைக்காரராவது கழிவுக்கென்று நூறு கிராம் கூட்டிக் கொடுத்ததுண்டா?

500 கிலோ விளைவித்தவன் 50 கிலோவை இழக்கிறான். விதை, உரம், மருந்து, இறைப்புக்கான எண்ணெய், கூலி ஆகியவற்றில் ஒன்றிலேனும் அவனுக்குப் பத்து வீதம் கழிப்பாருண்டா? மறுத்துப் பொருளைத் திருப்பிக் கொண்டுபோகவும் அவனால் முடியாது. மாலைக்குள் வாடும் பொருளை வைத்திருப்பவனிடம் பேரம் பேசும் வலு ஏது? அந்த இயலாமையின்மீது விதிக்கப்படும் வரிதான் கழிவு.

சோலாவின் புளோரோன் சிறிது காலம் மீன்சந்தையின் மேற்பார்வையாளனாகவும் இருந்தான். ஒழுங்கை நிலைநாட்ட முயன்றவனைச் சந்தை கூடி நின்று அலைக்கழித்தது. தனியொரு உத்தியோகத்தர்மீது பாரத்தைச் சுமத்தினால் இங்கும் அதுவே நடக்கும். சந்தைகள் பிரதேச சபைகளின் சொத்து. கடைகளை வழங்கும் அதிகாரமும் அவற்றுக்கே உரியது. கழிவு எடுப்பவரின் அனுமதி இரத்தாகும் என்று நிபந்தனை எழுதி, அதை ஒருமுறையேனும் நிறைவேற்றிக் காட்டட்டும். நிறுத்த எடைக்கு முழுப்பணம், கையில் பற்றுச்சீட்டு: விவசாயி கேட்பது இவ்வளவே.

வாங்கி உண்ணும் நாமும் தப்ப முடியாது. மலிவாகக் கிடைத்தால் போதும், மற்றதை ஏன் கிளறுவான் என்று இருந்துவிடும் நல்ல மனிதர்கள்தான் சோலாவின் நாவலில் வயிறு புடைத்திருக்கிறார்கள். அவர்களுடைய நேர்மைக்குப் பசித்தவன் கொடுத்த விலையையே அவர் எழுதினார்.