சுவைக்கு உண்டு சயாம், நினைவுக்கு இல்லையா?

பயணக் கட்டுரை தமிழில் நன்கு வளர்ந்த ஒரு துறை. ஏ. கே. செட்டியார் போன்றோர் அதற்கு நெறி வகுத்தனர். சென்ற நாட்டின் காட்சிகளோடு, அந்நாட்டில் தமிழர் வாழ்ந்த வாழ்வையும் தேடிச் சென்று எழுதினர். அந்த நெறி மலேசியத் தமிழரின் பயண எழுத்தில் இன்று தேய்ந்து வருகிறது. அதற்குத் தக்க சான்று தாய்லாந்துப் பயணக் கட்டுரைகள்.

ஈப்போவில் காலையில் தொடர்வண்டி ஏறுவோர் அன்றே பாடாங் பெசார் எல்லையைக் கடந்து ஹாட்யாய் நகரில் உணவுண்ணலாம். அங்கிருந்து பேங்காக், புக்கெட், கிராபி, கடல் நடுவே பீபித் தீவு என வழி நீள்கிறது. பள்ளி விடுமுறைதோறும் பேராக்கிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பல இவ்வழியே செல்கின்றன. திரும்பி வந்து எழுதும் கட்டுரைகளோ ஒரே அச்சில் வார்த்தவை போல் அமைகின்றன. அங்காடித் தெருவில் இதை உண்டோம், கடற்கரையில் அதை உண்டோம், இறுதியில் ‘தாய்லாந்து உணவைக் கண்டுபிடித்தோம்’ என்று முடிகின்றன. மாணவர் எழுதினாலும் ஆசிரியர் எழுதினாலும் முடிவு ஒன்றே.

தாய்லாந்து உணவின் சிறப்பை மறுப்பார் எவருமிலர். எலுமிச்சைப்புல்லும் பேரரத்தையும் பச்சை மிளகாயும் சேர்ந்து கொதிக்கும் தொம்யாமில் புளிப்பும் காரமும் மணமும் ஒன்றையொன்று அடக்காமல் நிற்கின்றன. இடித்த பப்பாளிக்காயில் உப்பும் இனிப்பும் உறைப்பும் ஒருங்கே நாவில் படுகின்றன. மாம்பழமும் தேங்காய்ப்பாலும் புளுட் அரிசியும் கூடுவது எளிமையில் பிறந்த இனிமை. இவற்றைப் புகழ்வதில் குற்றமில்லை. ‘கண்டுபிடித்தோம்’ என்னும் சொல்லில்தான் குற்றம் இருக்கிறது. அறியாத ஒன்றையே கண்டுபிடிக்க இயலும். சயாமின் சோறு பேராக் தமிழருக்கு எக்காலத்தில் அறியாததாய் இருந்தது?

போருக்கு முன் மலாயா தன் அரிசித் தேவையின் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்தே பெற்றது. பர்மா, சயாம், இந்தோசீனா ஆகிய மூன்று நாடுகளே அதற்கு ஊற்று. பால்மரக் காட்டில் உழைத்தவரின் லயத்து அடுப்பில் கொதித்ததும் அந்த அரிசியே. பெரட்டுக்குப் போகுமுன் தொழிலாளி குடித்த நீராகாரத்தில் சயாம் வயலின் விளைச்சலும் கலந்திருந்தது. பேராக்கின் வடகோடியில் உள்ள கிரிக் வட்டாரத்தின் ஒரு பகுதி 1909ஆம் ஆண்டின் ஆங்கிலேய – சயாமிய உடன்படிக்கை வரை சயாமின் ஆட்சிக்கு உட்பட்டதாகவே இருந்தது. அயல்வீட்டுச் சமையலைக் கண்டுபிடித்ததாக ஒருவர் பறைசாற்றினால், அவர் தம் வீட்டின் கதையை அறியாதவர் என்பதே பொருள்.

இவ்வுறவு அரிசியோடு தொடங்கியதும் அன்று. உல்லாசப் பயணிகள் மணலில் அமர்ந்து மீன் சுவைக்கும் அந்த மேலைக் கடற்கரையிலேயே தமிழின் கல்வெட்டுச் சான்றுகள் கிடைத்துள்ளன. கிராபி மாநிலத்துக் குளோங் தோமில் கிடைத்த பொற்கொல்லர் உரைகல் ஒன்றில் ‘பெரும்பதன் கல்’ என்று பண்டைத் தமிழ் எழுத்து பொறிக்கப்பட்டுள்ளது. புக்கெட்டுக்கு வடக்கே தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளத்தையும் அதற்குக் காவலான மணிக்கிராமத்தாரையும் குறிக்கிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மனின் சிறப்புப் பெயர். அக்கரை சென்ற தமிழர் அங்கே நீர்நிலை அமைத்தனர் என்பதற்கு இது சான்று. அக்கடற்கரையை எழுதும் கட்டுரைகளில் இறாலின் அளவு இடம்பெறுகிறது. அவனிநாரணக் குளம் இடம்பெறுவதில்லை.

பழங்கல்லை மறந்ததைக்கூடப் பொறுக்கலாம். பொறுக்க இயலாத மறதி ஒன்று உண்டு. அது காஞ்சனபுரியைப் பற்றியது.

பேங்காக்கிலிருந்து ஒரு பகற்பொழுதில் சென்று திரும்பக்கூடிய ஊர் அது. குவாய் ஆற்றுப் பாலத்தைப் பார்த்து, ஆற்றங்கரை உணவகத்தில் பச்சைக் குழம்பும் பொரித்த மீனும் உண்டு திரும்புவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பாலம் சயாம் – பர்மா இரயில் பாதையின் ஓர் உறுப்பு. 1942ஆம் ஆண்டில் சப்பானியப் படையினர் தொடங்கிய அப்பாதை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுடையது. 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. மலாயாவிலிருந்து அங்குக் கொண்டு செல்லப்பட்டோர் சுமார் 75,000 பேர் எனக் கணக்கிடுவர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். மலாயாவின் ஏனைய மாநிலங்களைப் போலவே பேராக்கின் தோட்டங்களும் ஆள் கொடுத்தன. கூலியும் உணவும் தருவதாகச் சொல்லி அழைக்கப்பட்டோர் முதலில் சென்றனர். பின்னர் ஆள் பிடிக்கும் வேலை வலுக்கட்டாயமாயிற்று. சரக்கு வண்டிகளில் மனிதரை அடைத்து வடக்கே அனுப்பினர். இன்று விடுமுறைப் பயணிகள் செல்லும் அதே வடதிசையில்தான் அன்று அவர்களும் சென்றனர்.

அவர்கள் சயாமில் உண்ட உணவு எது? மட்டமான அரிசிச்சோறு, சிறிது கருவாடு, வாடிய காய். அதுவும் போதிய அளவில் கிடைக்கவில்லை. மழைக்காலத்தில் மேற்கட்டியற்ற குடிசைகளில் வாந்திபேதி பரவியது. போர்க்கைதிகளுக்குத் தம்முள் மருத்துவரும் படை ஒழுங்கும் இருந்தன. தமிழ்த் தொழிலாளருக்கு அவையும் இல்லை. பாதை அமைப்பில் மாண்ட ஆசியத் தொழிலாளர் சுமார் 90,000 பேர் என்பர். அவர்கள் ஊரில் விட்டுச் சென்ற பெண்களும் பிள்ளைகளும் அரிசி காணாமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று காலம் கழித்தனர். சயாம் என்னும் சொல் அக்காலத் தோட்டங்களில் சுவையை அன்று, சாவையே குறித்தது.

காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 நேச நாட்டுப் போர்க்கைதிகள் அடக்கமாகியுள்ளனர். பெயர் தெரிந்தவர் ஒவ்வொருவருக்கும் பெயர்ப் பலகை உண்டு. நாள்தோறும் புல் செதுக்கப்படுகிறது. அவர்களுக்கு மருந்தும் பொருளும் மறைவாகக் கொடுத்து உதவிய பூன்பொங் என்னும் தாய்லாந்து வணிகரின் பெருமையும் எழுதப்பட்டிருக்கிறது. 1957இல் வந்த ஆங்கிலத் திரைப்படம் அந்தப் பாலத்தை உலகறியச் செய்தது. எழுதியவர் நினைக்கப்பட்டனர், எழுதாதவர் மறக்கப்பட்டனர். தமிழில் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ போன்ற நாவல்கள் பிற்காலத்தில் அந்த மௌனத்தைக் கலைத்தன. 2023ஆம் ஆண்டில்தான் மாண்ட தமிழருக்காகக் காஞ்சனபுரியின் புத்த விகாரை ஒன்றில் நடுகல் நாட்டப்பட்டது. எண்பது ஆண்டுகள் தாழ்த்தி நாட்டிய கல்லையும் காணாமல் உணவகத்துக்கு விரையும் கட்டுரையை என்னவென்று சொல்வது?

இதற்கு மறுப்புரைப்போர் சிலர் உளர். ‘விடுமுறை மகிழ்ச்சிக்காக, அதில் துயரத்தைக் கலப்பது ஏன்?’ என்பது ஒரு கூற்று. பாட்டனின் சாவை நினைத்தவுடன் மறைந்துவிடும் மகிழ்ச்சி மிக மெலிந்த மகிழ்ச்சி. நீத்தார்க்குப் படையலிட்டு, பின் அவ்வுணவையே குடும்பத்தோடு உண்ணும் வழக்கமுடைய ஓர் இனத்துக்கு நினைவும் உணவும் பகையல்ல. ‘வரலாறு பாடநூலில் இருக்கட்டும், பயணக் கட்டுரைக்கு எதற்கு?’ என்பது மற்றொரு கூற்று. பாடநூல் தேர்வோடு முடிகிறது. தன் காலால் மிதித்த மண்ணைப் பற்றி மாணவன் தானே எழுதிய வரி அவனோடு வாழ்கிறது. ‘சிறுவர் உள்ளத்தில் பகை விளையாதா?’ என்று அஞ்சுவோரும் உண்டு. உண்மையை அறிவது பகையன்று. சயாமிய மக்கள் அக்கொடுமையைத் திட்டமிட்டவர் அல்லர் என்பதை அறிந்து கொள்ளவும் அந்த வரலாறே துணை செய்யும்.

தாய்லாந்து மக்களிடமிருந்து கற்க வேண்டியது சமையல் மட்டுமன்று. தம் உணவை அவர்கள் தற்செயலுக்கு விட்டுவிடவில்லை. சீனர் கொண்டு வந்த மீயை, பிபுன் சொங்க்ராம் ஆட்சியின்போது ‘பாட் தாய்’ எனப் பெயரிட்டு நாட்டுணவாக வளர்த்தனர். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ அமைப்பு இறால் தொம்யாமை மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. அதே கூட்டத்தில் மலேசியாவின் காலையுணவு மரபும் இடம்பெற்றது. நாசி லெமாக்கோடு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் அதில் உண்டு. சானாயின் பின்னணியில் தமிழ் முஸ்லிம்களின் கை இருப்பதை நாடறியும். ஆயின் தோட்டத்துத் தமிழரின் அடுப்பைப் பற்றி எந்தப் பட்டியலும் இல்லை. தமிழரிடமே அதற்கு ஏடு இல்லை. கோலகங்சாரில் 1877இல் பால்மரக் கன்று நடப்பட்ட நாளிலிருந்து நூறாண்டுக்கு மேல் நீண்ட ஒரு வாழ்வின் உணவு அது. வரக்காப்பி, பழையது, கருவாட்டுக் குழம்பு, லயத்துக் கொல்லையின் முருங்கை, மலாய் அண்டைவீட்டாரிடம் கற்ற சம்பல் என அது விரிந்தது. சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தான் வட்டாரத்திலும் பால்மரம் பெரும்பாலும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் வழிவிட்டது. லயங்கள் இடிந்தன. அந்த அடுப்பருகே நின்றவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். கடல் கடந்து சென்று பிறர் சமையலைக் கண்டுபிடிப்போர், தம் பாட்டியின் சமையலை இழந்துகொண்டிருக்கின்றனர்.

ஆகவே தமிழாசிரியரின் கடமை தெளிவானது. பேராக்கில் மட்டும் நூற்றுமுப்பதுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உண்டு. ‘நான் சென்ற சுற்றுலா’ என்னும் தலைப்பு அங்கே ஆண்டுதோறும் எழுதப்படுகிறது. அத்தலைப்போடு இரண்டு வினாக்களைச் சேர்த்தால் போதும். ‘நீ சென்ற இடத்துக்கு உனக்கு முன் உன்னவர் யார் சென்றனர்? அவர்கள் அங்கே என்ன உண்டனர்?’ விடை தேடி மாணவன் வீட்டு முதியவரிடம் செல்வான். சயாமுக்குப் போய்த் திரும்பாத ஒரு பெரிய தாத்தாவின் பெயர் அங்கே கிடைக்கக்கூடும். போர்க்காலத்தில் கிழங்கை எவ்வாறு வேகவைத்து எத்தனை பேருக்குப் பங்கிட்டனர் என்பதும் கிடைக்கக்கூடும். அவற்றை எழுதும் கட்டுரையில் தொம்யாமும் இடம்பெறட்டும், சுவை குன்றாது.

தமிழ்க் காப்பியத்தில் சாவக நாடு பசியால் வாடுவதைக் கேள்வியுற்ற ஆபுத்திரன், அமுதசுரபியை ஏந்திக் கப்பலேறினான். கீழ்த்திசைக் கடலில் உணவின் பொருட்டு ஒருவன் மேற்கொண்ட பயணத்தை மணிமேகலை அவ்வாறு காட்டுகிறது. அவன் உண்ணச் செல்லவில்லை. பசித்தவரை நினைத்துச் சென்றான். அந்தக் காப்பியத்தை வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் அடுத்த விடுமுறையில் வடக்கே செல்லும்போது காஞ்சனபுரியில் இறங்க வேண்டும். நடுகல்லின் முன் ஒரு கைப்பிடிச் சோறு வைக்க வேண்டும். அதன் பிறகு ஆற்றங்கரையில் அமர்ந்து வயிறார உண்ணலாம். அன்று எழுதும் கட்டுரையே பயணக் கட்டுரை. மற்றவை உணவகத்தின் விலைப்பட்டியல்.