வியட்நாம் காப்பியும் நம் வீண்பெருமையும்

நம் சங்கத்து நண்பர்களுக்குள் எதில் வேற்றுமை இருந்தாலும் ஒன்றில் ஒற்றுமை உண்டு. சினிமாவில் கட்சி உண்டு. அரசியலில் கட்சி உண்டு. பொங்கல் விழாவில் நாடகம் போடுவதா, பட்டிமன்றம் நடத்துவதா என்று ஆண்டுதோறும் சண்டை உண்டு. ஆனால், "காப்பி என்றால் நம் ஊர்க் காப்பிதான், மற்றதெல்லாம் வெந்நீர்" என்று ஒருவர் சொன்னால் அத்தனை பேரும் தலையை ஆட்டுவோம். விடுதியில் கிடைக்கும் பழுப்பு நிறத் திரவத்தைக் குடித்துக் குடித்து, ஊர்க் காப்பியின்மேல் நமக்குள்ள பற்று பக்தியாகவே முற்றிவிட்டது. நானும் அந்தப் பக்தர்களில் ஒருவன்தான். அப்படிப்பட்ட நான், காப்பி விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் அடக்கம் வேண்டும் என்று சொல்ல வந்திருக்கிறேன். நண்பர்கள் கோபிக்காமல் கேட்கவேண்டும்.

சென்ற குளிர்காலத்தில் ஓர் இரவு. ஆய்வுக்கூடத்தில் சோதனை ஒன்று முடிவதற்காகக் காத்திருந்தேன். எங்கள் துறையில் வியட்நாமிலிருந்து வந்து ஆராய்ச்சி செய்யும் மாணவி ஒருவர் இருக்கிறார். அவரும் காத்திருந்தார். வெளியே இருந்த சிறிய அறைக்கு என்னை அழைத்து, "எங்கள் நாட்டுக் காப்பி குடிக்கிறீர்களா?" என்று கேட்டார். பையிலிருந்து அலுமினியத்தால் ஆன ஒரு சின்ன வடிகட்டியை எடுத்தார். அதற்கு ஃபின் என்று பெயராம். நம் வீட்டு ஃபில்டரைப்போல் அதற்குக் கீழ்ப்பாத்திரம் கிடையாது. குவளையின் வாய்மேல் நேரே உட்கார்ந்துகொள்கிறது. குவளையின் அடியில் டப்பாவில் வரும் இனிப்புக் கெட்டிப்பாலை இரண்டு கரண்டி ஊற்றினார். ஃபின்னில் தூளைப் போட்டு, அதன்மேல் துளையிட்ட தட்டு ஒன்றை வைத்தார். முதலில் சிறிது வெந்நீர் விட்டுத் தூளை ஊறவைத்தார். பிறகு நிறைய ஊற்றி மூடினார். சொட்டுச் சொட்டாகக் கரிய டிக்காஷன் வெண்மையான பாலின்மேல் விழுந்தது. ஐந்து நிமிடம் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

குடித்தேன். நன்றாகவே இருந்தது. ஆனால் பக்தன் வாய் சும்மா இருக்குமா? "நன்றாக இருக்கிறது, ஆயினும் இது காப்பி அல்ல" என்றேன். "எது காப்பி?" என்று அவர் அமைதியாகக் கேட்டார். நான் உற்சாகமாகத் தொடங்கினேன். பசும்பால் என்றேன், புதிதாக வறுத்து அரைத்த கொட்டை என்றேன், பித்தளை ஃபில்டர், முதல் டிக்காஷன், டபரா, தம்ளர், நுரை என்று ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "உங்கள் காப்பித்தூளில் சிக்கரி என்று ஒன்று கலக்கிறார்களாமே, அது காப்பியா?"

எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்லத் தெரியாததால் மட்டும் அன்று. அந்தச் சொல்லுக்கும் எனக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அன்றிரவு முதல் வியட்நாம் காப்பியைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன், அவரிடமும் கேட்டேன். அறிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த நாட்டுக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுக் கிறிஸ்தவப் பாதிரிமார்கள். ஆண்டு 1857 என்பார்கள். பிரெஞ்சு ஆட்சியோடு காப்பி குடிக்கும் வழக்கமும் பரவிற்று. அதே ஆட்சியோடு புதுச்சேரித் தமிழரும் நாட்டுக்கோட்டை நகரத்தாரும் சைகோனுக்குப் போனார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. இன்று ஹோ சி மின் நகரம் எனப்படும் அவ்வூரில் மாரியம்மன் கோவில் இன்னும் இருக்கிறது. வியட்நாமியரே அங்கு ஊதுவத்தி ஏற்றி வணங்குகிறார்கள். ஆகவே, அந்த நாடு நமக்கு முற்றிலும் அந்நியம் அன்று.

பிரெஞ்சுக்காரர்கள் காப்பியில் பால் ஊற்றிக் குடித்தார்கள். வியட்நாமிலோ கறவை மாடு வளர்த்துப் பால் குடிக்கும் வழக்கம் இல்லை. வெப்பநாடு, புதுப்பால் நெடுநேரம் தங்காது. டப்பாவில் அடைத்த கெட்டிப்பால் கெடாமல் வந்து சேர்ந்தது. நீரை வற்றவைத்துச் சர்க்கரையை மிகுதியாகச் சேர்ப்பதால் கிருமிகள் அதில் வளர முடிவதில்லை. சர்க்கரைப்பாகில் பழம் கெடாதிருப்பதும் இதே காரணத்தால்தான். இப்படி வறுமையும் வெயிலும் சேர்ந்து அமைத்துக் கொடுத்ததே "கா ஃபே சுவா டா" என்னும் பனிக்கட்டியிட்ட பால்காப்பி. ஹனோய்க்காரர்கள் அதைப் பழுப்பு என்ற பொருளில் "நௌ" என்பார்கள். சைகோனில் வாழ்ந்த சீனர்கள் பாலை மிகுத்துக் காப்பியைக் குறைத்து "பாக் சியு" என்ற ஒன்றைச் செய்தார்கள். துணிப்பையில் தூளைப் போட்டு வடிக்கும் காப்பியும் அங்கு உண்டு. நம் ஊர் டீக்கடைப் பையை அறிந்தவர்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை.

இன்னொரு கதை கேளுங்கள். 1946-ஆம் ஆண்டு. ஹனோயில் போர்ச்சூழல், பாலுக்குப் பெரும் தட்டுப்பாடு. மெட்ரோபோல் ஹோட்டலில் பானங்கள் கலக்கும் வேலை பார்த்த நுயென் வான் சாங் என்பவர், பாலுக்குப் பதிலாக முட்டையின் மஞ்சட்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க நுரைக்க அடித்துக் காப்பியின்மேல் விட்டார். அவர் தொடங்கிய கடை இன்றும் ஹனோயில் நடக்கிறது. முட்டைக் காப்பி இப்போது அந்நகரின் அடையாளம். பாலில்லாத குறைக்குச் செய்த மாற்று, பால் தாராளமாகக் கிடைக்கும் காலத்திலும் நிலைத்துவிட்டது. இப்படிப் புதுமை செய்யும் வழக்கம் அங்கே இன்னும் நிற்கவில்லை. ஹுவே நகரத்தில் 2010-இல் உப்புக் காப்பி பிறந்து, சில ஆண்டுகளில் நாடெங்கும் பரவிவிட்டது.

காப்பி மட்டுமன்று. வல்லாரைக் கீரையைப் பச்சையாக அரைத்து வடித்து, சர்க்கரை சேர்த்துக் குளிரக் குளிரக் குடிக்கிறார்கள். எலுமிச்சையை உப்பில் ஊறவைத்து, அதைத் தண்ணீரில் கரைத்து வெயிலுக்குப் பருகுகிறார்கள். ஹனோயின் மேற்கு ஏரித் தாமரைகளைக் கொண்டு தேயிலைக்கு மணம் ஏற்றுகிறார்கள். ஒரு கிலோ தேயிலைக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட பூக்கள் வேண்டுமாம். வல்லாரையும் உப்பில் ஊறிய எலுமிச்சையும் நம் வீட்டில் இல்லாதவையா? நம் வீட்டில் துவையலாகவும் ஊறுகாயாகவும் இருப்பவை அவர்கள் வீட்டில் பானமாகிவிட்டன, அவ்வளவுதான்.

"இதெல்லாம் சரி, ஆனால் அவர்கள் குடிப்பது ரொபஸ்டாதானே? மட்டரகமல்லவா?" என்று காப்பி இலக்கணம் அறிந்த நண்பர் ஒருவர் கேட்டார். உண்மைதான். வியட்நாமில் விளையும் காப்பியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ரொபஸ்டாவே. அதில் காஃபீன் ஏறத்தாழ இரு மடங்கு, கசப்பும் அதிகம். அந்தக் கசப்புக்குக் கெட்டிப்பாலின் இனிப்பு ஈடு கொடுக்கிறது. ஆனால் நண்பர் ஒன்றை மறந்துவிட்டார். இந்தியாவில் விளையும் காப்பியிலும் ஏறத்தாழ 70 சதவீதம் ரொபஸ்டாதான். ரொபஸ்டாவை உலகம் தேடியதற்குக் காரணம், 1869-இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் தோன்றிய இலைத்துரு நோய். நம் தமிழ்த் தொழிலாளர் வியர்வை சிந்தி வளர்த்த தோட்டங்களை அந்நோய் அழித்தது. பிறகு ஜாவாவில் அதே நோய்க்கு ஈடுகொடுத்து நின்ற செடி ரொபஸ்டா.

உயிரியல் படிப்பவன் என்ற முறையில் இன்னும் ஒன்று சொல்வேன். நாம் உயர்குலம் என்று போற்றும் ஆரபிக்கா எங்கிருந்து வந்தது? அது தனித்துப் பிறந்த செடி அன்று. இரண்டு வேறு காப்பியினங்கள் இயற்கையில் கலந்ததால் உண்டானது. ரொபஸ்டாவின் உயிரணுவில் 22 குரோமோசோம்கள், ஆரபிக்காவில் 44. அந்த 44-இல் பாதியைத் தந்தது யூஜினியாய்டிஸ் என்னும் இனம். மற்றப் பாதியைத் தந்தது எது தெரியுமா? ரொபஸ்டா என்று நாம் முகம் சுளிக்கிறோமே, அந்தக் கனெஃபோரா இனமேதான்! தூய்மை பேசும் ஆரபிக்காவின் பெற்றோரில் ஒருவர் ரொபஸ்டா. குலம் விசாரிக்கப் புறப்பட்டவர்களுக்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

வியட்நாம் காப்பியைப் புகழ்வதோடு நிறுத்திவிட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். அதன் கதையில் சர்க்கரை சேர்த்தாலும் மாறாத கசப்பு உண்டு. 1975-இல் பிரேசிலில் உறைபனி விழுந்து காப்பி விலை ஏறியது. 1977-இல் கிழக்கு ஜெர்மனியில் காப்பிக்குப் பெரும் பஞ்சம். அதனால் அந்நாடு 1980-இல் வியட்நாமோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. இயந்திரமும் பணமும் நாங்கள் தருகிறோம், விளைச்சலில் பாதி எங்களுக்கு என்பது ஏற்பாடு. மத்திய மலைநாட்டில் தோட்டங்கள் போடப்பட்டன. விளைச்சல் கைக்கு வரும் வேளையில், 1990-இல், கிழக்கு ஜெர்மனி என்ற நாடே இல்லாமற்போயிற்று! செடிகள் மட்டும் நின்றன. 1986-இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தத்தால் சாகுபடி மேலும் பெருகி, வியட்நாம் பிரேசிலுக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது. உலகில் காப்பி மிகுந்து, 2001-இல் விலை முப்பது ஆண்டுகளில் காணாத அளவுக்கு வீழ்ந்தது. சிறு விவசாயிகள் தவித்தார்கள். சமவெளி மக்கள் பெருவாரியாகக் குடியேறியதால் எடே முதலிய மலைவாழ் மக்கள் நிலத்தை இழந்தார்கள்; அதே 2001-இல் அவர்கள் கிளர்ந்தெழுந்ததும் உண்டு. ஒரு குவளைக் காப்பிக்குப் பின்னால் யார் யார் நிலம் இருக்கிறது என்பதைக் குடிப்பவன் எண்ணிப் பார்க்கவேண்டும். நம் நாட்டுக் காப்பிக்கும் இது பொருந்தும்.

"அப்படியானால் எதை வேண்டுமானாலும் கலக்கலாமா?" என்று கேட்பீர்கள். கூடாது. கலப்பு வேறு, கலப்படம் வேறு. வறுத்த சோயாவையும் சோளத்தையும் சேர்த்துக் காப்பி என்று பெயர் சொல்லி விற்ற வியாபாரிகள் வியட்நாமில் இருந்தார்கள். புளியங்கொட்டையை அரைத்துச் சேர்த்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். அது ஏமாற்று. சொல்லிக் கலப்பது கலப்பு. மறைத்துக் கலப்பது கலப்படம். சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, கலந்த அளவைப் பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் கலப்பைத் தடுக்கவில்லை, பொய்யைத்தான் தடுக்கிறது.

இப்போது என் பழைய கதைக்கு வருகிறேன். என் தாத்தா திருநெல்வேலியிலிருந்து பிழைப்புத் தேடி மும்பைக்குப் போனவர். நான் அங்கேயே பிறந்து வளர்ந்தேன். தமிழ் எழுத்தை எனக்குக் கற்பித்தவர் என் ஆச்சி. செய்தித்தாளின் தலைப்புகளே என் அரிச்சுவடி. இங்கு வந்த முதல் மாதம் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். பேச்சில் என்னை அறியாமல் நாலைந்து இந்திச் சொற்கள் விழுந்துவிட்டன. மூத்த நண்பர் ஒருவர், "தம்பி சிக்கரித் தமிழன், நூற்றுக்கு நாற்பத்தொன்பது கலப்பு!" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஓராண்டுவரை அந்தப் பெயர் என்னை விடவில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதை அறிவேன். ஆனாலும் அதன்பிறகு ஆறு மாதம் நான் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. இன்று இந்தக் கட்டுரையை எழுதுவதற்குள் மூன்று முறை அகராதியைப் புரட்டினேன்.

அப்படி வருந்திய நானேதான், வீட்டை விட்டு வெகுதூரம் வந்து, தம் ஊர்க் காப்பியை அன்போடு கொடுத்த ஒருவரிடம், "இது காப்பி அல்ல" என்றேன். எனக்குச் செய்யப்பட்டதை நான் இன்னொருவருக்குச் செய்தேன். இதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

சென்ற பொங்கல் விழாவில் நம் காப்பிக் கடைக்குப் பக்கத்தில் அவருடைய ஃபின்னுக்கும் ஒரு மேசை போடலாம் என்று செயற்குழுவில் சொன்னேன். "நம் விழாவில் கலப்பு வேண்டாம்" என்று மறுத்துவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் பெரியவர்கள் காப்பியையே அந்நிய பானம் என்று ஏசினார்கள். நீராகாரத்தை அழிக்க வந்த சனியன் என்று கரித்தார்கள். அவர்கள் சொல் வென்றிருந்தால் இன்று நமக்கு டபராவும் இல்லை, தம்ளரும் இல்லை, பெருமையடிக்க ஒன்றும் இல்லை. அன்று வந்த அந்நியனை இன்று நம் குலதெய்வம் ஆக்கிக்கொண்டோம். அதில் தவறில்லை. ஆனால் கதவைத் திறந்து உள்ளே வந்தவர்கள், அடுத்தவர் வரும்போது தாழ்ப்பாள் போடுவது நியாயமா?

நண்பர்களே, நம் காப்பியை நான் கைவிடச் சொல்லவில்லை. அடுத்த விழாவிலும் விடியற்காலையில் எழுந்து டிக்காஷன் இறக்க நானே வருகிறேன். நான் கேட்பவை இரண்டே. அடுத்த பொங்கலுக்கு நம் ஃபில்டருக்கு அருகில் ஃபின்னுக்கும் ஒரு மேசை போடுங்கள். புதிதாகச் சேரும் தம்பியோ தங்கையோ தட்டுத்தடுமாறித் தமிழ் பேசினால், சதவீதம் கணக்கிடாமல் முதலில் ஒரு குவளை காப்பி கொடுங்கள். சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும், கொஞ்சம் பொறுத்திருங்கள்.