வெற்றுக் கேசட்டுக்கு ஒரு வரி



சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது புதுவாயல். சிப்காட் தொழிற்சாலைகளில் உழைக்கும் வடமாநில இளைஞர்களை இப்பகுதியெங்கும் காணலாம். இத்தகைய தொழிற்பகுதிகளின் செல்போன் கடைகளில் மெமரி கார்டு ஒன்றை நீட்டினால், சில ரூபாய்க்கு நூற்றுக்கணக்கான பாட்டுகளை ஏற்றித் தரும் வழக்கம் பல்லாண்டுகள் நடந்து வந்தது. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அது பிறர் பொருளென்று தோன்றியதில்லை.

அவர்களை மட்டும் குறை சொல்வானேன்? 1980களிலும் 1990களிலும் ஊருக்கு ஊர் இருந்த ‘ரெக்கார்டிங் சென்டர்’களை நம் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டொரு நாளில் பதிவாகிக் கைக்கு வந்துவிடும். சினிமாப் பாட்டு மட்டுமா? இஸ்லாமியப் பாடல்களும் பயான்களும் அவ்வாறே வீடு வீடாகப் பரவின. கேசட் விற்ற கடைக்காரர் சம்பாதித்தார். பதிந்து கொடுத்தவர் சம்பாதித்தார். பாட்டை எழுதியவருக்கு ஒரு காசும் போய்ச் சேரவில்லை.

இந்த இழப்பை ஈடுகட்டச் சில நாடுகள் ஒரு வழி கண்டன. யார் நகலெடுக்கிறார் என்று ஒவ்வொரு வீட்டிலும் புகுந்து பார்க்க இயலாது; ஆகவே நகலெடுக்கப் பயன்படும் பொருளின் விலையிலேயே ஒரு தொகையைச் சேர்த்து வசூலித்து, அதைக் கலைஞர்களுக்குப் பகிர்ந்தளிப்பது என்பதே அவ்வழி. மேற்கு ஜெர்மனி 1965இல் பதிவுக் கருவிகளுக்கு இதைத் தொடங்கி, 1985இல் வெற்று நாடாக்களுக்கும் விரித்தது. அமெரிக்கா 1992இல் டிஜிட்டல் பதிவுக் கருவிகளுக்கு 2 விழுக்காடும் வெற்று டிஜிட்டல் நாடாக்களுக்கு 3 விழுக்காடும் விதித்தது. கனடாவில் வெற்றுக் குறுந்தகடு ஒன்றுக்கு 29 சென்ட். இந்தியாவில் இத்தகைய கட்டணம் கிடையாது. இங்கும் வந்தால் என்ன என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை.

ஆனால் அந்த வெற்றுக் கேசட் நம் வீடுகளில் வேறு எதற்கெல்லாம் பயன்பட்டது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். சவூதிக்கும் துபைக்கும் சபர் போன கணவர்மார்கள் கடிதத்துக்குப் பதிலாகத் தங்கள் குரலைப் பதிந்து, ஊர் திரும்பும் நண்பர் கையில் கொடுத்தனுப்பினார்கள். உம்மா நலமா, பிள்ளை ஓதுகிறானா, வீட்டு வேலை எதுவரை வந்தது என்று அறுபது நிமிடம் பேசினார்கள். அதே கேசட்டின் மறுபுறத்தில் மனைவியின் விம்மலும், தந்தையை அறியாத குழந்தையின் மழலையும் திரும்பிப் போயின. தொலைபேசிக் கட்டணம் எட்டாத உயரத்தில் இருந்த காலம் அது. அந்த நாடாவுக்கும் வரி விதித்திருந்தால், எந்தப் பாடகருக்கு எதை ஈடு செய்திருப்போம்?

வரி வாங்கிய நாடுகளும் இவ்விடத்தில்தான் தடுமாறின. தொழில் நிறுவனங்கள் தம் சொந்த வேலைக்கு வாங்கும் தகடுகளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு கட்டணம் விதிப்பது தகாதென்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் ஸ்பெயின் நாட்டு வழக்கொன்றில் கூறிற்று. 2012இல் கனடா அரசு, செல்போனில் செருகும் மைக்ரோ எஸ்.டி. கார்டுகளை இக்கட்டணத்திலிருந்து விலக்கிவிட்டது. அதைவிட முக்கியமானது 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு. நெதர்லாந்து வழக்கொன்றில் அதே ஐரோப்பிய நீதிமன்றம், இந்தக் கட்டணம் முறையாகப் பெற்ற ஒன்றை வீட்டில் சொந்த உபயோகத்துக்கு நகலெடுப்பதற்கே ஈடாகும். திருட்டு மூலத்திலிருந்து எடுத்த நகலுக்கு ஈடாகாது என்று தெளிவுபடுத்தியது. ‘வரி கட்டிவிட்டேன், இனி எடுத்துக்கொள்ளலாம்’ என்று நினைப்பவருக்கு அங்கேயே இடமில்லை.

நம் மார்க்கத்தின் பார்வையும் இதுவே. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாசிரியரின் உரிமையும் கண்டுபிடிப்பாளரின் உரிமையும் ஷரீஅத் காக்கும் உரிமைகளே, அவற்றில் அத்துமீறலாகாது என்று தீர்மானித்தது. ஹக்குல் இபாத் எனும் அடியார்களின் உரிமையை, உரியவர் மன்னித்தாலன்றி அவரிடமே சேர்ப்பிக்க வேண்டும் என்பதைச் சிறு வயதிலேயே மதரஸாவில் கற்றிருக்கிறோம். எவரோ ஒருவர் எடுத்ததற்கு எவரோ ஒருவர் கட்டி, அது மூன்றாமவர் ஒருவரின் பெட்டிக்குப் போய்ச் சேர்வது எந்தக் கணக்கு? (தம் பயானை யாரும் பதிந்து பரப்பலாம் என்று ஆலிம் ஒருவர் சொல்லிவிட்டால், அது வேறு விஷயம், அங்கே உரியவரே கொடுத்துவிட்டார்.)

வேறு வழிகளும் பார்க்கப்பட்டன. தமிழ்நாடு அரசு 2004இல் வீடியோ திருட்டை குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. வெற்றுக் குறுந்தகடுகளைச் செய்துவந்த மோசர் பேர் நிறுவனமோ, திரைப்பட உரிமைகளை வாங்கி, 2007 வாக்கில் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கே விற்கத் தொடங்கியது. திருட்டுத் தகட்டின் விலைக்கே நல்ல தகடு! வரியைக் காட்டிலும் இதுதான் அறிவுள்ள யோசனை என்பேன். பின்னர் தகடுகளின் காலமே முடிந்தது. கடனில் மூழ்கிய அந்நிறுவனமும் 2018இல் கலைக்கப்பட உத்தரவாயிற்று.

வரி வந்திருந்தால்கூட அந்தப் பணம் நம் பாடலாசிரியர்களைத் தேடி வந்திருக்குமா என்பது ஐயமே. நாகூர் ஹனீபா அவர்களின் குரலை அறியாதவர் நம்மில் இல்லை. அவர் பாடியவற்றை எழுதிய புலவர்கள் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்? பெயரே தெரியாதவருக்குப் பங்கு எப்படிப் பிரிப்பது?

இவ்விஷயத்தில் 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தம் ஓரளவு கை கொடுக்கிறது. இசைப்பதிவில் இடம்பெறும் பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும் தமக்குரிய ராயல்டியை, வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி, வேறெவருக்கும் விட்டுக்கொடுக்க இயலாதென்று அது விதிக்கிறது. எழுதியவர் மறைந்த பின்னும் பாட்டின் பதிப்புரிமை 60 ஆண்டுகள் நீடிக்கும். அவர் அதை எழுதிக் கொடுத்திராவிட்டால் அது வாரிசுகளையே சேரும். வீட்டையும் மனையையும் பங்கு வைக்கும்போது இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. உங்கள் குடும்பத்தில் பாட்டெழுதிய பெரியவர் எவரேனும் இருந்திருந்தால், அவருடைய பழைய பெட்டியிலுள்ள கேசட் கம்பெனித் தாள்களைத் தேடி எடுங்கள். எந்தப் பாட்டை, எத்தனை ஆண்டுகளுக்கு, என்ன தொகைக்கு எழுதிக் கொடுத்தார் என்பதை விவரமறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்.